தேடலில் எந்தப் புலத்துக்கு எவ்வளவு எடை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர் வாசகசாலை. நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். பட்டியலைக் கணினியில் ஏற்றி, தேடுகிற வசதியும் செய்தோம். முதலில் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தள மென்பொருளில் செய்தோம். அப்புறம் ஆசைப்பட்டு எலாஸ்டிக்சர்ச் என்ற பெரிய தேடல் மென்பொருளுக்குப் போனோம். பக்கத்துக் கடைக்குப் போக லாரி பிடித்த கதை அது. இப்போது திரும்பவும் எஸ்க்யூலைட்டிலேயே இருக்கிறோம். இந்தப் போக்குவரத்தில் புலங்களுக்கு எடை கொடுப்பது பற்றி நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு. அக்கம்பக்கத்து வாசகசாலைக்காரர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புலத்துக்கு எடை கொடுப்பது என்றால் என்ன?

ஒரு புத்தகத்தைப் பதிவு செய்யும்போது தலைப்பு, ஆசிரியர், பொருள், பதிப்பித்த ஊர், குறிப்பு என்று தனித்தனிக் கட்டங்களில் எழுதுகிறோம். ஃபீல்டு என்று சொல்கிற அந்தக் கட்டத்தைத்தான் இங்கே புலம் என்கிறேன்.

ஒருவர் வந்து "கவிமணி" என்று தேடுகிறார். தேரூரில் 1876-ல் பிறந்த தேசிக விநாயகம் பிள்ளை எழுதிய புத்தகங்களில் அந்தச் சொல் ஆசிரியர் புலத்தில் இருக்கும். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியவற்றில் தலைப்பில் இருக்கும். ஏதோ ஒரு பள்ளி ஆண்டு மலரின் குறிப்பில் "கவிமணி பாடல் ஒன்றும் உண்டு" என்று நாங்களே எழுதியிருப்போம். மூன்றுமே பொருந்துகிற புத்தகங்கள்தான். எது முதலில் வர வேண்டும் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற வழி எடை.

லூசின் வகைத் தேடல்களில் ^ என்ற குறியைப் போட்டு எழுதுவார்கள்: ஆசிரியர்^3 தலைப்பு^2 குறிப்பு^1. டக் கட்டிங் 1999-ல் வெளியிட்ட லூசின் என்ற தேடல் மென்பொருள்தான் எலாஸ்டிக்சர்ச்சுக்கும், சோலர் என்ற இன்னொரு தேடல் மென்பொருளுக்கும் அடித்தளம். அதனால் இந்தக் குறி இரண்டிலும் உண்டு. இங்கே புரிவதற்காகப் புலப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நிஜத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தொல்லை குறையும்.

எடை 10 கொடுத்தால் பத்து மடங்கு முக்கியத்துவம் கிடைக்குமா?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் எங்களுக்கு இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்தது இது.

இன்று பெரும்பாலான தேடல்களில் மதிப்பெண் போடுவது பிஎம்25 என்ற சூத்திரம். அதில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்பதற்கு மதிப்பெண் உண்டு, ஆனால் அது சீக்கிரமே தேங்கிவிடும். சராசரி நீளமுள்ள ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அமைப்பில் (கே1 என்ற எண் 1.2) சொல் ஒரு தடவை வந்தால் 1, இரண்டு தடவை வந்தால் 1.38, ஐந்து தடவை வந்தால் 1.77, பத்து தடவை வந்தால் 1.96. நூறு தடவை வந்தாலும் 2.17-தான். எவ்வளவு வந்தாலும் 2.2-ஐத் தாண்டாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி ஏமாற்றுபவர்களுக்கு இது நல்ல கடிவாளம்.

இப்போது எடையை எங்கே பெருக்குகிறோம் என்று பாருங்கள். லூசின் குடும்பத்தில், இப்படித் தேங்கி வந்த மதிப்பெண்ணை எடையால் பெருக்குகிறார்கள். தலைப்பில் ஒரு தடவை வந்த சொல்லுக்கு எடை 10 என்றால் 1 × 10 = 10. குறிப்பில் ஐந்து தடவை வந்த இன்னொரு புத்தகத்துக்கு 1.77. தலைப்புக்காரர் எங்கேயோ போய்விட்டார்.

எஸ்க்யூலைட்டில் தேடலைச் செய்கிற பகுதியின் பெயர் எஃப்டிஎஸ்5. அதில் கதை வேறு. அங்கே எடை பெருக்குவது தடவைகளின் எண்ணிக்கையை. எடை 10 உள்ள தலைப்பில் ஒரு தடவை வந்தால், பத்து தடவை வந்ததாக எடுத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் சூத்திரத்தில் போடுகிறது. அதாவது 1.96. குறிப்பில் ஐந்து தடவை வந்ததற்கு 1.77. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். எடையை 100 ஆக்கினாலும் 1.96 என்பது 2.17 ஆகும், அவ்வளவுதான். நாங்கள் எடையை 10, 50, 500 என்று ஏற்றிக்கொண்டே போய், "ஒண்ணும் நடக்கலியே" என்று திகைத்தது இதனால்தான்.

ஆகவே ஒருவர் "நான் தலைப்புக்கு 5 போட்டேன், அருமையாக வருகிறது" என்று சொன்னால், எந்த மென்பொருளில் என்று கேட்காமல் அந்த எண்ணை வாங்கி வராதீர்கள்.

இன்னொன்று, எஃப்டிஎஸ்5 தரும் மதிப்பெண் எதிர்மறை எண். சின்ன எண் எதுவோ அதுவே நல்ல பொருத்தம். இது தெரியாமல் வரிசையைத் தலைகீழாகப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

தலைப்புக்கு எவ்வளவு எடை போட்டாலும் சம்பந்தமில்லாத புத்தகம்தான் முதலில் வருகிறது. ஏன்?

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர் போன இடம். தேனீ வளர்ப்புப் புத்தகம் கேட்டு ஆள் வருவது வழக்கம். "தேன்" என்று தேடினால் எங்கள் பட்டியலில் முதலில் வந்தது தென் திருவிதாங்கூர் வரலாறு. அடுத்து தென்னை வளர்ப்பு. அதற்கும் கீழேதான் தேன். சரி, தலைப்பின் எடை போதவில்லை போலிருக்கிறது என்று ஏற்றினோம். தென் திருவிதாங்கூர் இன்னும் உறுதியாக உட்கார்ந்துகொண்டது.

எடையில் பிசகில்லை, சொல் உடைந்துபோயிருந்தது. எழுத்தை இயந்திரம் சொல் சொல்லாகப் பிரித்துத்தான் அட்டவணையில் போடும். எஃப்டிஎஸ்5-இன் இயல்பான பிரிப்பான், யூனிகோடில் "எழுத்து", "எண்" என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடு கணக்கில் எழுத்து அல்ல, "குறி" என்ற தனி வகை. அதனால் ஒவ்வொரு கொம்பும் புள்ளியும் இடைவெளி மாதிரி ஆகிவிடுகிறது. "தேன்" என்பது த, ன என்று இரண்டு துண்டு. "தென்" என்பதும் த, ன. "தான்", "தீனி", "தேனி" எல்லாமே த, ன. "தென்னை" என்றால் த, ன, ன. இயந்திரத்தின் கண்ணுக்கு இவை அத்தனையும் ஒன்றுதான். அதிலும் "தென்" எங்கள் பட்டியலில் தலைப்பில் இருந்ததால், நாங்கள் தலைப்புக்குக் கொடுத்த எடை முழுவதும் அதற்கே போய்ச் சேர்ந்தது.

தீர்வு ஒரே ஒரு வரி. அட்டவணையை உருவாக்கும்போது, யூனிகோடு61 என்ற அந்த இயல்பான பிரிப்பானின் கேட்டகரீஸ் அமைப்பில் எழுத்து, எண் வகைகளோடு குறி வகைகளையும் சேர்த்துவிட்டு, திரும்ப அட்டவணை போட வேண்டும். அன்றைக்கு மாலையே தேன் மேலே வந்தது. ஆவணத்தில் எழுதியிருப்பதை முன்பே படிக்காதது எங்கள் தப்பு.

இதோடு இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். "கொ" என்பதில் வரும் குறியை ஒரே குறியாகவும் கணினியில் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு அட்டவணை போடுங்கள். கொல்லங்கோடு, தொலையாவட்டம் எல்லாம் அப்போதுதான் ஒழுங்காகக் கிடைக்கும்.

தலைப்பு சின்னது. அதற்கு எடை கொடுக்காமலே கூடுதல் மதிப்பெண் கிடைக்காதா?

ஒரு காலத்தில் கிடைத்தது. லூசினின் பழைய சூத்திரத்தில் நீளத்தின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். நாலு சொல் தலைப்புக்கு இயல்பாகவே ஆதாயம். 2016-ல் லூசின் 6, எலாஸ்டிக்சர்ச் 5 இரண்டும் பிஎம்25-க்கு மாறின. அதில் ஒரு தலைப்பை மற்றத் தலைப்புகளின் சராசரி நீளத்தோடு ஒப்பிடுவார்கள், குறிப்பை மற்றக் குறிப்புகளோடு. சராசரித் தலைப்பும் சராசரிக் குறிப்பும் இதில் சமம். ஆகவே பழைய கட்டுரைகளில் "தலைப்பு தானாகவே ஜெயிக்கும்" என்று படித்தால், அது எந்த ஆண்டு எழுதியது என்று பாருங்கள்.

ஒரே சொல் மூன்று புலங்களில் இருந்தால் கூட்டுவதா, பெரியதை மட்டும் எடுப்பதா?

இரண்டு வழியும் உண்டு, நடுவழியும் உண்டு. தலைப்பில் 6, ஆசிரியரில் 5, குறிப்பில் 2 கிடைத்தது என்று வையுங்கள். கூட்டினால் 13. பெரியதை மட்டும் எடுத்தால் 6. டிஸ்மேக்ஸ் என்ற முறையில் பெரியதை எடுத்துக்கொண்டு, மற்றவற்றில் ஒரு சிறு பங்கைச் சேர்ப்பார்கள். டை என்று ஒரு எண் அது. அது 0.1 என்றால் 6 + 0.7 = 6.7.

புத்தகப் பட்டியலுக்கு நான் டிஸ்மேக்ஸ் பக்கம்தான். நாங்கள் குறிப்பு எழுதும்போது தலைப்பில் உள்ள சொல்லையே திரும்ப எழுதிவிடுவோம். கூட்டினால், வளவளவென்று குறிப்பு எழுதிய புத்தகத்துக்கு லாபம்.

இரண்டு சொல் வரும்போதுதான் சிக்கல். "கவிமணி பாடல்கள்" என்று தேடுகிறார்கள். கவிமணி ஆசிரியர் புலத்தில், பாடல்கள் தலைப்பில். எலாஸ்டிக்சர்ச்சின் பெஸ்ட் ஃபீல்ட்ஸ் முறை இரண்டு சொல்லும் ஒரே புலத்தில் இருக்கிற புத்தகத்தைத்தான் விரும்பும். அதாவது, கவிமணி பாடல்களைப் பற்றி யாரோ எழுதிய ஆய்வு முதலில் வரும், பாடல்கள் பின்னால் வரும். இதற்கு எல்லாப் புலங்களையும் ஒரே பெரிய புலமாகப் பாவிக்கிற முறை வேண்டும். ராபர்ட்சன், சரகோசா, டெய்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2004-ல் எழுதிய பிஎம்25எஃப் அதுதான்: எடையைத் தடவைக்குப் பெருக்கி, புலங்களைச் சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு தடவை சூத்திரத்தில் போடுவது. மேலே எஃப்டிஎஸ்5 பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதே வழிதான். எலாஸ்டிக்சர்ச்சில் கம்பைண்டு ஃபீல்ட்ஸ் என்ற பெயரில் 2021-ல் வந்தது.

"நாகர்கோவில்" என்று தேடினால் யாரோ ஒரு கவிஞரின் தொகுப்பு முதலில் வருகிறதே?

ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்கிற எழுத்தாளர் ஒருவர் உங்கள் பட்டியலில் இருப்பார்.

அரிய சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்ற கருத்தை 1972-ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். இன்றுவரை பெரும்பாலான தேடல்களில் அது இருக்கிறது. ஆனால் லூசின் அரிதா இல்லையா என்பதைப் புலம் புலமாகக் கணக்கிடுகிறது. நாலாயிரம் புத்தகத்தில் பதிப்பித்த ஊர் புலத்தில் நாகர்கோவில் நானூறு தடவை இருந்தால் அதன் மதிப்பு 2.3. ஆசிரியர் புலத்தில் ஒரே ஒரு தடவை இருந்தால் 7.9. எடை எதுவும் போடாமலே ஆசிரியர் புலம் மூன்று மடங்குக்கு மேல் முந்திவிடுகிறது. சேர்த்துக் கணக்கிடுகிற முறைக்குப் போனால் இது தீரும். இல்லாவிட்டால் ஊர்ப் பெயருக்கென்று தனிப் புலம் வைத்து அதற்கு எடை கொடுங்கள்.

"மரச்சீனி" என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. எந்தப் புலத்துக்கு எடை ஏற்ற வேண்டும்?

எதற்கும் வேண்டாம். நம் ஊரில் மரச்சீனி, புத்தகத்தில் மரவள்ளி. பொருந்தாத சொல்லுக்கு மதிப்பெண் பூஜ்யம். அதைப் பத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இணைச்சொல் பட்டியல் ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலுக்கு நாகர்கோயில், கன்னியாகுமரிக்குக் குமரி. பலாவுக்குச் சக்கை என்றும் சேர்த்துவிடுங்கள். தேடியவர் எழுதிய சொல்லுக்கு முழு எடையும், நாம் சேர்த்த இணைச்சொல்லுக்குப் பாதி எடையும் கொடுத்தால் போதும்.

வேற்றுமை உருபும் இதே கதைதான். "நாகர்கோவிலில்" என்பது இயந்திரத்துக்கு வேறு சொல். ஸ்னோபால் என்ற மென்பொருள் தொகுப்பில், உருபை வெட்டி வேர்ச்சொல்லைப் பிரிக்கிற ஒரு பிரிப்பான் தமிழுக்கு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 12-ஆம் பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது. சில இடங்களில் கூடுதலாக வெட்டும். அதனால் வெட்டாத சொல்லை ஒரு புலத்திலும் வெட்டியதை இன்னொரு புலத்திலும் வைத்து, வெட்டாததற்கு எடை கூட்டுவது நல்லது.

எடையைப் பதிவு செய்யும்போதே போட்டுவிடலாமா?

லூசினில் முன்பு முடிந்தது. 2017-ல் வந்த ஏழாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நீளக் கணக்கோடு சேர்த்து ஒரே ஒரு பைட்டில் அடைத்து வைத்ததால் துல்லியம் போனது. எண்ணை மாற்ற நினைத்தால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றவும் வேண்டியிருந்தது.

போஸ்ட்கிரெஸ் செய்வது எனக்குப் பிடிக்கும். பதிவு செய்யும்போது ஏ, பி, சி, டி என்று முத்திரை மட்டும். எந்த முத்திரைக்கு எவ்வளவு எடை என்ற எண்ணைத் தேடும்போது கொடுத்தால் போதும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏ-வுக்கு 1.0, பி-க்கு 0.4, சி-க்கு 0.2, டி-க்கு 0.1. ஆனால் அதன் மதிப்பெண்ணில் அரிய சொல், பொதுச் சொல் என்ற பாகுபாடு கிடையாது.

எந்த எண்ணில் தொடங்குவது?

எண்ணில் தொடங்காதீர்கள், நோட்டில் தொடங்குங்கள். எங்கள் நூலகர் அக்கா ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை மேஜையில் போட்டு, வருகிறவர்கள் என்ன கேட்டார்கள், கடைசியில் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்று எழுதி வைத்தார். ஒரு மாதத்தில் அதிலிருந்து முப்பது தேடல் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தப் புத்தகம் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். முதலிடம் என்றால் 1, இரண்டாமிடம் என்றால் 1/2, ஐந்தாமிடம் என்றால் 1/5. முப்பதுக்கும் சராசரி எடுங்கள். எடையை மாற்றினால் அந்தச் சராசரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

ஒரு தடவைக்கு ஒரு புலத்தை மட்டும் மாற்றுங்கள். 3-ஐ 3.5 ஆக்கி நேரத்தைப் போக்க வேண்டாம். 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகப் போனால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எல்லாப் புலத்தையும் இரட்டித்தால் லூசினில் வரிசை அசையாது, அங்கே விகிதம்தான் கணக்கு. எஃப்டிஎஸ்5-இல் அப்படியில்லை, தேக்கத்தால் வரிசையே மாறலாம். ஒரு புத்தகம் ஏன் மேலே நிற்கிறது என்று புரியாவிட்டால், எலாஸ்டிக்சர்ச்சில் எக்ஸ்ப்ளெய்ன் என்று கேட்டால் மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டும். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் நோட்டில் தெரிந்த ஆச்சரியம்: பாதிக்கு மேற்பட்டவர்கள் தலைப்பைச் சொல்லிக் கேட்கவே இல்லை. ஆசிரியரைச் சொன்னார்கள், இல்லாவிட்டால் "அந்தக் குளச்சல் சண்டை பற்றி ஒண்ணு இருக்குமே" என்று விஷயத்தைச் சொன்னார்கள். 1741-ல் நடந்த போர் அது. புத்தகத் தலைப்பிலோ அதில் ஜெயித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா பெயர்தான். குளச்சல் என்ற சொல் பொருள் புலத்தில்தான் கிடக்கும். தலைப்புக்கே எல்லா எடையும் என்று நான் பிடித்த பிடிவாதம் அந்த நோட்டைப் பார்த்ததும் போய்விட்டது.

புதிய புத்தகங்கள் மேலே வரச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அது புலத்தின் எடை அல்ல, தனிக் கணக்கு. மதிப்பெண்ணோடு கூட்டாமல் 1.1 மாதிரி சின்ன எண்ணால் பெருக்குங்கள். கூட்டினால், மதிப்பெண் குறைவான தேடல்களில் புதியது என்ற ஒரே காரணத்துக்காகக் கண்டதெல்லாம் மேலே வரும்.

கூகுளில் எங்கள் கடை முதலில் வர இந்த எடையை மாற்ற முடியுமா?

முடியாது, அது அவர்கள் கையில். கூகுளைத் தொடங்கிய பிரின்னும் பேஜும் 1998-ல் எழுதிய கட்டுரையிலேயே தலைப்பு, இணைப்பில் உள்ள சொல், முகவரி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எடை என்று இருக்கிறது. எண்களைச் சொல்லவில்லை. பக்கத்தின் உள்ளே ஒளித்து எழுதுகிற கீவேர்டு பட்டியலை வரிசைப்படுத்தப் பார்ப்பதில்லை என்று 2009-ல் கூகுளே சொல்லிவிட்டது. அதற்குப் பணம் கேட்பவர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வாசகசாலையில் இப்போது என்ன எடை?

எஃப்டிஎஸ்5-இல் தலைப்பு 8, ஆசிரியர் 8, பொருள் 6, குறிப்பு 1, பதிப்பித்த ஊர் 0. எடை 0 என்றால் அந்தப் புலத்தில் தேடாது என்று அர்த்தமில்லை. தேடும், புத்தகம் பட்டியலில் வரும், மதிப்பெண் மட்டும் கிடைக்காது. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"மட்டி" மட்டும் இன்னும் சரியாகவில்லை. மட்டிப்பழம் என்கிற எங்கள் ஊர் வாழைப்பழம் பற்றி இரண்டு புத்தகம், கடல் மட்டி பற்றி ஒன்று. மூன்றிலும் சொல் தலைப்பிலேயே இருக்கிறது. எந்தப் புலத்தை ஏற்றினாலும் மூன்றும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இப்போதைக்கு அக்கா தலையை நிமிர்த்தி, "தோட்டத்து மட்டியா, கடல் மட்டியா?" என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுக்கிறார்.